கருவி துலக்கினால் கடமை தீருமா?

என் மகள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகின்றேன். பெரிய நிகழ்ச்சி அன்று; எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். ஆயினும் அது எழுப்பிய கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் என் மருமகன் விடுமுறையில் ஊர் வந்தபோது, தம் ஐந்து வயது மகனுக்கு மின்சார பிரஷ் ஒன்று வாங்கி வந்தார். பொத்தானை அழுத்தினால் அதன் தலை 'விர்' என்று சுழலும். இரண்டு நிமிடம் ஆனதும் தானாகவே நின்றுவிடும். "இனிமேல் இவன் பல்லைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்" என்று என் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கும் ஆறுதல். அதுவரை தினமும் பையனைத் துரத்திப் பிடித்து, மடியில் கிடத்தி, வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிப் பல் துலக்கி விட்டவள் அவள். பிரஷ் வந்த பிறகு பையன் தானே ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக் கொள்வான். உள்ளிருந்து 'விர்' என்ற சத்தம் வரும். சத்தம் நின்றால் பல் துலக்கியாயிற்று என்று கணக்கு.

எட்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக் கொண்டு பிள்ளை அழுதான். மறுநாள் பல் மருத்துவரிடம் போனபோது, நான்கு கடைவாய்ப் பற்களில் சொத்தை என்றார். "பையனுக்கு யார் பல் துலக்கி விடுகிறீர்கள்?" என்று அவர் கேட்க, "பிரஷே துலக்கிவிடும் டாக்டர், கரண்ட் பிரஷ்" என்றாள் மகள். மருத்துவர் பையனிடம் ஒரு பிரஷைக் கொடுத்து, வீட்டில் செய்வது போலச் செய்து காட்டச் சொன்னார். அவன் முன்பற்களின் மேல் அதை வைத்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக் கொண்டு நின்றான். அவ்வளவுதான். பின்பற்களை அந்தப் பிரஷ் ஒரு நாளும் தொட்டதே இல்லை.

வீடு திரும்பியதும் மகள் என்னிடம் கேட்டாள்: "வாப்பா, இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே! நான் என்ன குறை வைத்தேன்?"

வாசக அன்பர்களே, அவள் கேட்டது பிரஷைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது கடமையைப் பற்றிய கேள்வி. நம் மீதுள்ள ஒரு பொறுப்பைக் கருவி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால், அந்தப் பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிடுமா? இதைத்தான் இங்கே சிந்திக்க விரும்புகின்றேன்.

கருவிகளின் கதை

பல் துலக்கும் கருவிகளில் மிகப் பழையது குச்சிதான். நம் ஊர்களில் வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, வேலங்குச்சி. அரபு நாட்டில் அராக் மரத்தின் வேரும் கிளையும். அம்மரத்தைத் தமிழில் உகா மரம் என்பர். அதிலிருந்து எடுப்பதே நாம் அறிந்த மிஸ்வாக்.

கைப்பிடியில் மயிர் பதித்த பிரஷ் பிற்காலத்தில் வந்தது. அந்த மயிர் பெரும்பாலும் பன்றியின் மயிராக இருந்தது. நம் முன்னோரில் பலர் பிரஷ் என்றாலே முகம் சுளித்தார்கள் என்றால், அதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குத் தக்க காரணம் இருந்தது. 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழை பதித்த பிரஷ் விற்பனைக்கு வந்த பின்னரே அந்தத் தடை நீங்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் பிரஷ்களில் மிகப் பெரும்பாலானவை செயற்கை இழையால் ஆனவை. 'இயற்கை மயிர்' என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் என்ன மயிர் என்று விசாரித்து வாங்க வேண்டும்.

மின்சார பிரஷ் 1954-இல் சுவிட்சர்லாந்தில் உருவாயிற்று. அது யாருக்காக உருவாயிற்று என்பது நம் பொருளுக்கு முக்கியம். கைகளை நன்றாக அசைக்க இயலாத நோயாளிகளையும், பற்களில் கம்பி கட்டியிருப்போரையும் மனத்தில் கொண்டே அது முதலில் செய்யப்பட்டது. கையுள்ளவன் சோம்பியிருப்பதற்காக அன்று. கை தளர்ந்தவனுக்குத் துணையாக அது பிறந்தது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் இதற்கு வருவேன்.

எது மேல்?

பிள்ளைகளுக்கு மின்சார பிரஷ் நல்லதா, சாதாரண பிரஷ் நல்லதா என்று பலரும் கேட்கின்றார்கள். ஆராய்ச்சி சொல்வதை உள்ளபடி சொல்லிவிடுகின்றேன்.

காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, பிள்ளைகளும் பெரியவர்களுமாக 4,600-க்கும் மேற்பட்டோர் கலந்து கொண்ட சோதனைகளை ஒன்று திரட்டி 2014-இல் முடிவை வெளியிட்டது. சாதாரண பிரஷைவிட மின்சார பிரஷ் பல்லில் படியும் அழுக்குப் படலத்தை முதல் மூன்று மாத காலத்தில் 11 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட காலத்தில் 21 விழுக்காடும் கூடுதலாகக் குறைத்தது. ஈறு வீக்கம் முறையே 6, 11 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நீண்ட காலத்தில் பல்லின் நலத்துக்கு இதனால் விளையும் பயன் என்ன என்பது தெளிவாகவில்லை என்றும் அத்தொகுப்பு கூறியது.

ஆக, மின்சார பிரஷுக்குச் சிறிது மேன்மை உண்டு. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பெற்றோருக்குக் கூறும் அறிவுரையைப் பாருங்கள். மின்சார பிரஷானாலும் சரி, கை பிரஷானாலும் சரி. எல்லாப் பற்களின் எல்லாப் பக்கங்களையும், ஃப்ளோரைடு உள்ள பற்பசையால், இரண்டு நிமிடம், நாளுக்கு இருமுறை துலக்குவதே முக்கியம் என்கின்றது. அத்துடன், குறைந்தது ஏழு வயது வரையில் பெற்றோரே துலக்கிவிட வேண்டும், அல்லது அருகில் நின்று கவனிக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றது.

காரணம் எளிது. சின்னஞ்சிறு பிள்ளையின் மணிக்கட்டுக்கு அந்த நுட்பம் இன்னும் வரவில்லை. சட்டைப் பொத்தானை ஒழுங்காக மாட்டத் தெரியாத கை, கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பல்லின் உட்புறத்தை எப்படித் துலக்கும்? மின்சார பிரஷ் சுழலும், அதிரும். ஆனால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தானாக நகராது. நகர்த்துவதற்கு ஒரு கை வேண்டும். என் பேரனின் வாயில் நடந்தது இதுதான். கருவி தன் வேலையைச் செய்தது; நகர்த்த வேண்டிய கைதான் அங்கே இல்லை.

குச்சியா, சுத்தமா?

கருவியைப் பற்றிய இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. மிஸ்வாக் விஷயத்தில் நம் இமாம்கள் இதை முன்பே ஆராய்ந்திருக்கின்றார்கள்.

வாயைச் சுத்தமாக்குவதும் இறைவனின் திருப்தியைப் பெற்றுத் தருவதும் மிஸ்வாக் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கின்றார்கள். முதலில் சுத்தம், அதனுடன் இறைதிருப்தி. அப்படியானால் ஸுன்னத் குச்சியில் இருக்கின்றதா, சுத்தத்தில் இருக்கின்றதா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், அராக் குச்சியே விரும்பத்தக்கது என்று கூறியதோடு, வாயில் ஏற்பட்ட மாற்றத்தைப் போக்கும் எப்பொருளால் துலக்கினாலும் மிஸ்வாக் நிறைவேறிவிடும் என்று விளக்கி, முரட்டுத் துணியையும் உதாரணம் காட்டுகின்றார்கள். ஹனஃபீ மத்ஹபிலும், குச்சி கிடைக்காத போது விரல் அதன் இடத்தில் நிற்கும் என்பர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கருவிக்குச் சிறப்பு உண்டு. ஆனால் கருவி நோக்கத்துக்காகவே இருக்கின்றது. குச்சியைச் சட்டைப் பையில் வைத்திருப்பதனால் மட்டும் வாய் சுத்தமாவதில்லை. அவ்வாறே, விலையுயர்ந்த பிரஷைக் குளியலறையில் வைத்திருப்பதனால் பிள்ளையின் பல் காக்கப்படுவதில்லை. குச்சியைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே சொத்தைப் பல்லுடன் இருப்பவரும், மின்சார பிரஷைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே பிள்ளையின் வாயைத் திறந்து பாராதவரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றார்கள். இருவரும் கருவியைக் கடமையின் இடத்தில் வைத்துவிட்டார்கள்.

"யந்திரம் என்பதே சோம்பேறித்தனம், எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று சொல்லும் என் போன்ற முதியோருக்கும் ஒரு வார்த்தை. உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிடில் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையே இட்டிருப்பேன் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பல் துலக்குவதன் மீது அவர்களுக்கு எத்துணை ஆர்வம்! அதே சொல்லில் நம் சிரமத்தின் மீது எத்துணை இரக்கம்! சிரமத்தைக் குறைக்கும் ஒன்றை, குறைக்கின்றது என்பதற்காகவே இழிவாகப் பேசுவது இந்த இரக்கத்துக்குப் பொருந்தாது. இலேசு என்பது குற்றமன்று. இலேசைச் சாக்காக்கி விலகிக் கொள்வதே குற்றம்.

விழப்போகும் பல்தானே!

இனி, நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு: "பால் பல்தானே, எப்படியும் விழப் போகிறது. அதற்கு ஏன் இவ்வளவு பாடு?"

பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் சுமார் ஆறு மாதத்தில் எட்டிப் பார்க்கின்றது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. பின்னால் வரப்போகும் பற்களுக்கு அவை இடம் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றின் மேல்பூச்சு, நிலையான பற்களின் பூச்சைவிட மெல்லியது. சொத்தை விரைவில் ஆழப் பாய்ந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பால் பற்களில் சொத்தை உள்ளது. அத்தனை பிள்ளைகளின் வலியும், சாப்பிட முடியாத வேளைகளும், தூங்காத இரவுகளும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இன்னொன்றையும் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும். ஆறு வயதளவில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கின்றது. பல் எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகின்றோம். அது பால் பல் அன்று. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். அது போனால் வேறு முளைக்காது.

இவை மருத்துவம். இதற்கு மேலும் ஒன்று உண்டு. விழப்போவது என்பதற்காக ஒன்றைப் பேணாமல் விடலாம் என்றால், இந்த உடல் முழுவதுமே ஒரு நாள் விழப்போவதுதானே! இரவலாக வந்த பொருளை, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்பதற்காகவே நாம் அதிகக் கவனத்துடன் வைத்திருப்பதில்லையா? சில ஆண்டுகளுக்கென்று தரப்பட்ட பல்லும் அமானத்தே. காலம் குறைவு என்பதால் அமானத் சிறிதாகிவிடாது.

கணக்கு யார் பெயரில்?

பருவம் எய்தாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கின்றது. அவன் செய்ததற்கும் செய்யாததற்கும் அவன் பெயரில் குற்றம் எழுதப்படுவதில்லை. அப்படியென்றால், அவன் துலக்காமல் விட்ட பல்லுக்குக் கணக்கு எங்கே எழுதப்படும்? ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படும் மேய்ப்பாளர் என்னும் நாயக வாக்கை நாம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். மேய்ப்பவன் ஆட்டுக்கு நல்ல கயிறு வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியுமா? ஆடு எங்கே என்றுதானே கேட்பார்கள்?

கருவி உழைப்பில் பங்கு கொள்ளும். பொறுப்பில் பங்கு கொள்ளாது. அதற்கு நிய்யத் இல்லை, கவலை இல்லை, விசாரணையும் இல்லை. ஆகவே பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தோம் என்று நாம் நினைக்கும்போது, உண்மையில் ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை. நடுத்தெருவில் வைத்துவிட்டு வந்திருக்கின்றோம்.

இதைச் சொல்லும்போது என் மருமகனைக் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். கடல் கடந்து வாழும் தகப்பனுக்குத் தம் அன்பைப் பொருளாக மாற்றித் தருவதைத் தவிர வேறு வழி என்ன இருக்கின்றது? வாங்கி வந்தது குற்றமன்று. அது போதும் என்று நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோமே, அதுவே எங்கள் குறை. ஒரே வீட்டில் இருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு. எட்டு மாதத்தில் ஒரு நாளாவது பேரனை மடியில் வைத்து, "வாயைத் திற பார்க்கலாம்" என்று நான் சொன்னதில்லை.

ஒரு கடைசி மிஸ்வாக்

நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையை நினைத்துப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருக்கின்றார்கள். அன்னையாரின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் ஒரு மிஸ்வாக்குடன் உள்ளே வருகின்றார்கள். நாயகத்தின் பார்வை அந்தக் குச்சியின் மீது செல்கின்றது. அந்தப் பார்வையின் பொருள் அன்னையாருக்குப் புரிகின்றது. வேண்டுமா என்று கேட்க, தலையசைக்கின்றார்கள். குச்சி கடினமாக இருக்கின்றது. அன்னையார் அதை வாங்கித் தம் பற்களால் மென்று மிருதுவாக்கிக் கொடுக்கின்றார்கள். பெருமானார் அதனால் துலக்குகின்றார்கள். ஸஹீஹ் புகாரீயில் உள்ள செய்தி இது.

அன்று அந்தக் குச்சி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பார்வையைப் புரிந்து கொள்ளும் ஒரு மனமும், கடினத்தை மென்மையாக்கித் தரும் ஒரு துணையும் தேவைப்பட்டன. பலம் குன்றியவரின் தூய்மை மற்றவரின் பரிவால் நிறைவேறுகின்றது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் இது பொருந்தும். கை வளராத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

வீண் விரயம் ஆகுமா?

"பல் துலக்க இத்தனை ரூபாயா? இது இஸ்ராஃப் அல்லவா?" என்று சிலர் கேட்பர். விலையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. கை நடுங்கும் தாய்க்கும், உடல் ஊனமுற்ற பிள்ளைக்கும், பற்களில் கம்பி கட்டியவனுக்கும் மின்சார பிரஷ் வாங்குவது விரயமாகாது. சாதாரண பிரஷைக் கண்டால் ஓடும் பிள்ளை, சுழலும் பிரஷைக் கண்டால் வாயைத் திறப்பான் என்றால் அதுவும் ஒரு பயனே. ஆனால் வாங்கி வைத்துவிட்டு எவரும் அருகில் நில்லாவிட்டால், பத்து ரூபாய் பிரஷும் விரயமே. வாங்க வசதியில்லாத வீட்டார் இதனால் மனம் குன்ற வேண்டியதே இல்லை. தாயின் கையிலிருக்கும் சாதாரண பிரஷ், தனியே விடப்பட்ட பிள்ளையின் கையிலிருக்கும் உயர்ந்த பிரஷைவிட நன்றாகவே துலக்கும்.

செய்ய வேண்டியவை சிலவே. முதல் பல் முளைத்ததுமே தொடங்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசியளவு பற்பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டங்களில் வசிப்போர், எந்தப் பற்பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டுக் கொள்வது நல்லது. பிள்ளையைத் தன் பக்கம் முதுகு காட்டி நிறுத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டைத் தூக்கிப் பார்த்துத் துலக்க வேண்டும். மின்சார பிரஷ் என்றால் தேய்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பல்லாக மெல்ல நகர்த்தினால் போதும். இழைகள் விரிந்துவிட்டால், அல்லது சுமார் மூன்று மாதத்தில், மாற்றிவிட வேண்டும்.

இரவுத் துலக்கலே மிக முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், ஒட்டிக் கொண்டிருக்கும் இனிப்பிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலம் தடையின்றிப் பல்லை அரிக்கும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே பிள்ளையை உறங்கவிடுவதும் இதனாலேயே கேடு. துலக்கிய பின் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பற்பசையின் மருந்து பல்லில் தங்காது. ஒளுவில் வாய் கொப்பளிக்க வேண்டியிருப்பதால், இஷாத் தொழுகையெல்லாம் முடிந்து படுக்கப் போகும் முன் துலக்குவது பொருத்தமாக இருக்கும்.

ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்லியிருக்கின்றது மார்க்கம். அதுவரை பிள்ளை நம் பக்கத்தில் நின்று நாம் செய்வதைப் பார்த்துத்தான் பழகுகின்றான். பல் துலக்கும் கைப்பழக்கமும் அதே வயதை ஒட்டித்தான் மெல்ல வருகின்றது. இதை வைத்து எதையும் நிறுவ நான் முற்படவில்லை. அருகில் நின்று காட்டாத எதையும் பிள்ளை கற்பதில்லை என்பது மட்டும் இரண்டிலும் உண்மை.

இப்போது என் மகள் வீட்டில் அதே மின்சார பிரஷ்தான் இருக்கின்றது. குளியலறைக் கதவு மட்டும் சாத்தப்படுவதில்லை. இரவில் அவள் கையில் பிரஷ். அவள் மடியில் பையனின் தலை. அந்த நேரம் பார்த்து மருமகன் கைபேசியில் அழைத்து, "எங்கே, பல்லைக் காட்டு" என்கின்றார். கை எட்டாத தகப்பனின் குரலாவது எட்டுகின்றது. மகளுக்கு உடம்பு சரியில்லாத இரவுகளில் அந்த வேலை என்னிடம் வருகின்றது. எனக்கு எழுபது கடந்துவிட்டது, கை நடுங்கும். சாதாரண பிரஷானால் பிள்ளையின் ஈற்றைக் குத்திவிடுவேன். இந்தப் பிரஷைப் பல்லின் மேல் வைத்து நகர்த்த மட்டும் என்னால் முடிகின்றது. கை தளர்ந்தவனுக்காகப் பிறந்த கருவி கடைசியில் தன் உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று நினைத்துக் கொள்வேன். அதை வாங்கி வந்த மருமகனுக்கு அப்போது துஆச் செய்கின்றேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் நோயின்றிக் காப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை நம் கையாலேயே பேணும் தவ்பீக்கை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.